இறாலில் ஒளிந்திருந்த குளோரின்

கோவைக்குக் கடல் இல்லை. ஆயினும் உக்கடம் மீன் சந்தையில் இறாலுக்குப் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரையிலிருந்தும், கிழக்கே சோழமண்டலக் கரையிலிருந்தும் பனிக்கட்டிப் பெட்டிகளில் அது வந்து இறங்குகிறது. அதில் ஒரு பகுதி கடலில் வலை வீசிப் பிடித்தது. மற்றது கரையோரக் குட்டைகளில் தீனி போட்டு வளர்த்தது. இந்த வளர்ப்பு இறாலைத்தான் ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் ‘இறக்குமதிச் சரக்கு’ என்று ஐயத்தோடு பார்க்கிறார்கள். நமக்கு ஏற்றுமதி, அவர்களுக்கு இறக்குமதி. அந்த ஐயம் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், வழியில் நாம் வகுப்பறையில் படித்த ஓர் இயற்பியல் பாடம் குறுக்கிடுகிறது.

கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 1972-இல் கொச்சியில் தொடங்கப்பெற்றது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகை, தூத்துக்குடிப் பகுதிகளிலும் ஆந்திரக் கரையிலும் டைகர் இறால் பண்ணைகள் பெருகின. 1994-95-இல் வெண்புள்ளி நோய் தாக்கியது. சில நாள்களிலேயே ஒரு குட்டை முழுவதும் இறந்து மிதக்கும். இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. இதற்குக் காரணம் ஒரு வைரஸ். வைரசை ஆன்டிபயாடிக் மருந்து ஒன்றும் செய்யாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் போட்ட முதல் கண்ணெதிரே அழியும்போது மனிதன் எதையும் செய்து பார்ப்பான் அல்லவா? மேலும் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்களின் தொல்லை உண்மையிலேயே இருந்தது. ஆசிய நாடுகள் பலவற்றில் மருந்து, தண்ணீரிலும் தீனியிலும் கலந்தது.

பண்ணைகளைப் பற்றிய முதல் குற்றச்சாட்டு உண்பவரிடமிருந்து எழவில்லை. பக்கத்தில் குடியிருந்தவர்களிடமிருந்து எழுந்தது. கிணறுகள் உப்பானதையும் நெல் வயல்கள் கெட்டதையும் எடுத்துக் காட்டி, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று, உயர் அலை எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளை, மரபு வழிப்பட்டவை நீங்கலாக, மூட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மறு ஆய்வு மனுக்களில் அது தேங்கிக் கிடக்க, 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை அமைத்தது. அதே ஆண்டின் விதிகள் இறால் வளர்ப்பில் 20 மருந்துப் பொருள்களைத் தடை செய்தன. அப்பட்டியலில் உள்ள குளோரம்ஃபெனிக்கால் என்னும் பெயரைச் சற்று நின்று கவனிப்போம்.

1947-இல் வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரிக்கப்பட்ட மருந்து இது. டைபாய்டு காய்ச்சலில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் இதை உட்கொண்டவர்களில் ஏறத்தாழ 25,000 முதல் 40,000 பேரில் ஒருவருக்கு எலும்பு மச்சை இரத்த அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது. பெரும்பாலும் உயிர் பறிக்கும் நோய் அது. இதில் வியப்பு என்னவென்றால், அந்நோய் மருந்தின் அளவைப் பொறுத்து வருவதாகத் தெரியவில்லை. ஆகவே ‘இவ்வளவு வரை தீங்கில்லை’ என்று ஓர் எல்லைக் கோடு போட முடியவில்லை. உணவு தரும் விலங்குகளுக்கு இம்மருந்து கூடவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் விதித்தது. ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இறாலில் எஞ்சிய துளி மருந்தால் ஒருவருக்கு இந்நோய் வந்தது என்று இதுவரை நிறுவப்படவில்லை.

சட்டத்தில் ‘பூச்சியம்’ என்று எழுதுவது எளிது. ஆய்வகத்தில் பூச்சியம் என்பது என்ன? கருவிக்குத் தெரியாத அளவு என்பதுதான் அதன் பொருள். நல்ல கருவி வந்தால் நேற்றைய பூச்சியம் இன்று ஓர் எண்ணாகிவிடும். நடந்ததும் அதுதான்.

குளோரினின் அணு எடை 35.5 என்று படிக்கிறோம். முழு எண்ணாக இல்லாமல் அரை எங்கிருந்து வந்தது? கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சனின் உதவியாளராக இருந்த ஆஸ்டன், 1919-இல் நிறை நிறமாலைக் கருவியை அமைத்தார். மின்னூட்டம் பெற்ற அணுக்களை மின்புலத்திலும் காந்தப் புலத்திலும் வளைத்தால், இலேசானவை அதிகமாகவும் கனமானவை குறைவாகவும் வளையும். அவ்வாறு பிரித்தபோது 35.5 எடையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட அகப்படவில்லை. 35 எடையுள்ளவை மூன்று பங்கும் 37 எடையுள்ளவை ஒரு பங்கும் கலந்திருந்தன. ஆஸ்டனுக்கு 1922-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குளோரம்ஃபெனிக்கால் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு குளோரின் அணுக்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் 35 அமர வாய்ப்பு மூன்று, 37 அமர ஒன்று. உங்கள் இயற்கணிதத்தில் (3+1) என்பதை வர்க்கப்படுத்துங்கள்: 9, 6, 1. ஆகவே ஒரு புரோட்டானை இழந்து எதிர் மின்னூட்டம் பெற்ற இம்மூலக்கூறு, கருவியில் 321, 323, 325 ஆகிய நிறைகளில் ஏறத்தாழ 9:6:1 என்ற உயரங்களில் மூன்று கோடுகளாகத் தெரியும். கைரேகை என்றே சொல்லலாம். அத்துடன் விடுவதில்லை. 321 நிறையுள்ளதை மட்டும் தனியே பிடித்து, வாயுவில் மோதவிட்டு உடைக்கிறார்கள். 152, 257 ஆகிய துண்டுகள் சரியான விகிதத்தில் வந்தால் ஐயம் தீர்ந்தது.

இவ்வளவும் மருந்தகத்திலோ இறாலிலோ செய்ய ஆஸ்டனின் கருவி போதாது. காந்தத்துக்குப் பதிலாக நான்கு உலோகத் தண்டுகளிடையே அலையும் மின்புலத்தைக் கொண்டு நிறைகளை வடிகட்டும் வழியை 1950-களில் ஜெர்மானியர் உல்ஃப்காங் பால் கண்டார். திரவத்தில் கரைந்த மூலக்கூற்றைச் சிதைக்காமல் நுண்துளிகளாகத் தெளித்து மின்னூட்டும் முறையை அமெரிக்கர் ஜான் ஃபென் 1980-களில் வளர்த்தெடுத்தார். இவ்விரண்டும் சேர்ந்த கருவி 2000-ஐ ஒட்டி உணவு ஆய்வகங்களுக்கு வந்தது. 2001-இல் சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாட்டு இறால்கள் ஐரோப்பாவில் அகப்பட்டன. இந்திய இறாலும் தப்பவில்லை. 2002 ஜனவரியில் சீனத்தின் விலங்குணவுப் பொருள்களை ஐரோப்பா நிறுத்தியது. அமெரிக்க ஆய்வகங்கள் அதுவரை நூறு கோடியில் 5 பங்கு வரைதான் உறுதி செய்து வந்தன. 2002-இல் அதை 1 ஆகவும் பிறகு 0.3 ஆகவும் இறக்கின. அதே ஆண்டில்தான் ஃபென்னுக்கும் நோபல் பரிசு! 2003-இல் ஐரோப்பாவும் எல்லா ஆய்வகங்களும் காண வேண்டிய அளவை 0.3 என்றே வகுத்தது.

நூறு கோடியில் 0.3 பங்கு எவ்வளவு? ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் தூள் உப்பின் ஐந்து துகள்களைப் போட்டுக் கலக்குங்கள். அவ்வளவுதான்.

நுட்பமான கண்ணுக்கு மயக்கமும் உண்டு. நைட்ரோஃபியூரான் என்ற மற்றொரு மருந்து வகை உடலில் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அதன் சிதைவுப் பொருள் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். எனவே அந்தச் சிதைவுப் பொருளைத்தான் தேடுவார்கள். 2009-இல் இச்சிக்கலால் வங்கதேசம் தன் நன்னீர் இறால் ஏற்றுமதியை ஆறு மாதம் தானே நிறுத்திக்கொண்டது. பின்னர் நடந்த ஆய்வுகளில், அப்படித் தேடப்படும் பொருள்களில் ஒன்றான செமிகார்பசைடு, மருந்தே காணாத நன்னீர் இறாலின் ஓட்டிலும் இயற்கையாக இருப்பது தெரிந்தது! ஓட்டை உரித்துவிட்டுத் தசையை மட்டும் சோதிக்க வேண்டும் என்ற பாடம், பாவம், பலருக்கு நட்டம் வந்த பிறகே கிடைத்தது.

உண்மையான அச்சம் இரத்தச் சோகையை விட வேறொன்றில் இருக்கிறது என்பது என் கருத்து. குட்டையில் ஊற்றிய மருந்து எல்லா பாக்டீரியாக்களையும் கொல்வதில்லை. தப்பியவை அம்மருந்துக்கு அஞ்சாத வமிசத்தைப் பெருக்குகின்றன. நம் கொங்கு நாட்டுக் கோழிப் பண்ணையாளர்களுக்கும் இக்கதை புதிதன்று. மருத்துவமனைகளின் கடைசி ஆயுதங்களில் ஒன்றான கொலிஸ்டினைக் கால்நடை, கோழி, மீன் தீனிகளில் சேர்ப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது.

2009-இல் அமெரிக்கப் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறால், நோயற்ற தாய் இறால்களோடு இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. இன்று நம் பண்ணைகளில் பெரும்பாலும் அதுவே. 2016-இல் ஐரோப்பா, இந்திய வளர்ப்பு இறாலைச் சோதிக்கும் விகிதத்தைப் பத்து விழுக்காட்டிலிருந்து ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. அங்கே அனுப்பும் இறாலுக்கு அறுவடைக்கு முன்பே குட்டையில் மாதிரி எடுத்துச் சோதித்துச் சான்று பெற வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் இறாலுக்கும் அதே மருந்துகள் தடைதான். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாதிரி எடுப்பதும் உண்டு. ஆனால் அறுவடைக்கு முன் சான்று என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஒரே குட்டையில் வளர்ந்த இரண்டு இறால்களில் கப்பலேறுவதற்கு ஒரு சட்டம், உக்கடத்துக்கு லாரியேறுவதற்கு வேறொன்று.