ஓடு மெத்துன்னு இருந்தா உஷார்! தொட்டி ஆமையின் உடம்பைச் சொல்லும் அறிகுறிகள்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஆனால் இப்போது வீட்டுக்குள் புகும் ஆமைதான் உருப்படாமல் போகிறது.

வண்ண மீன் கடைகளில் காதோரம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமைகள் கிடைக்கின்றன. பிள்ளைகள் அடம்பிடிக்க, வாங்கி வந்து சின்னத் தொட்டியில் போட்டு விடுகிறார்கள். கொஞ்ச நாளில் ஆமை தீனி எடுக்காமல் சுருண்டு விடுகிறது. 'ராசியில்லை' என்று பழி போடுகிறார்கள். காரணம் ராசி அல்ல, தொட்டிதான். அதை ஓடே காட்டிக் கொடுத்து விடும்.

தொட்டுப் பாருங்க

ஓடு என்பது கழற்றி மாட்டும் சட்டை அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து உருவானது. அதில் ரத்த ஓட்டமும் உண்டு, உணர்ச்சியும் உண்டு.

ஓடு கெட்டியா இருந்தால் கவலை இல்லை. பிறந்த குட்டிக்கு ஓரம் லேசா வளைவது சகஜம். வளர்ந்த பிறகும் அமுக்கினால் அமுங்குகிறதா? சுண்ணாம்புச் சத்து பத்தவில்லை என்று அர்த்தம்.

மெல்லிசா செதில் உரிந்தால் பயம் வேண்டாம், அது வளர்ச்சி. பிய்த்து எடுக்கக் கூடாது. ஓட்டில் குழி விழுந்து, நாற்றம் அடித்து, சீழ் கசிந்தால் அழுகல் நோய். கை வைத்தியம் வேண்டாம், உடனே கால்நடை டாக்டரிடம் போக வேண்டும். கண் வீங்கினாலோ, ஒரு பக்கமா சாய்ந்து நீந்தினாலோ அதேதான்.

தண்ணீர் எவ்வளவு?

ஓட்டின் நீளத்தில் ஒரு இஞ்சுக்குச் சுமார் 40 லிட்டர் வேண்டும். 4 இஞ்சு ஆமைக்கு 160 லிட்டர். வளர்ந்த பெண் ஆமை 10 இஞ்சையும் தாண்டும். 24 முதல் 28 டிகிரி சூடு போதும்.

தண்ணீர் தெளிவா இருந்தாலே சுத்தம் என்று நினைக்கக் கூடாது. கழிவில் உண்டாகும் அமோனியா கண்ணுக்குத் தெரியாது. மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் ஏற்கனவே தாமதம். பில்டர் கட்டாயம்.

ஏறி உட்கார்ந்து உடம்பைக் காய வைக்க ஒரு மேடும் வேண்டும். எந்நேரமும் ஈரத்திலேயே கிடந்தால் ஓடு அழுகும்.

வெயில் படாவிட்டால் சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி வழியா வரும் வெயில் உதவாது. அதற்காகத் தொட்டியையே வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடாகி ஆமை செத்துப் போகும். பாதி நிழல் உள்ள டப்பில், நேரடி வெயில் படும்படி விடலாம். இல்லாவிட்டால் அதற்கென உள்ள புற ஊதா விளக்கு வேண்டும்.

கையைக் கழுவுங்க

ஆமையின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும். குழந்தைகளுக்குத் தொற்றியதால்தான் 4 இஞ்சுக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-ல் தடை போட்டது. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையல்கட்டில் கொட்டக் கூடாது.

குளத்தில் விடாதீங்க

இந்த ஆமைக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. வளர்க்க முடியவில்லை என்று கோயில் குளத்தில் விட்டால் நம்ம ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்து விடும். நட்சத்திர ஆமை, பாலாமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பதோ 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சிவப்புக் காது ஆமை 20 வருஷத்துக்கு மேல் வாழக் கூடியது. இன்றைக்கு அடம்பிடிக்கும் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் தொட்டி கழுவ ஆள் வேண்டும். அதை யோசித்து விட்டுக் காசை எடுங்கள்.