பெயரில் ஓர் ஊர், ஆட்டத்தில் ஓர் ஊர்

இலக்கியம் பேசும் இடத்தில் கால்பந்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். இளங்கோவடிகள் கேட்டிருக்கமாட்டார். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்று பந்தாட்டத்துக்கெனத் தனியே வரிப்பாடல்களை வைத்தவர் அவர். அது மகளிர் கையால் ஆடிய பந்து. நாம் பேசப்போவது ஆடவர் காலால் ஆடிய பந்து. வேறுபாடு அவ்வளவுதான்.

நாம் வாழ்வது சூரமங்கலத்தில். வெளியூரார் பலருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஆனால் சேலம் என்று பயணச்சீட்டு வாங்கி ரயிலேறியவர்கள் பெரும்பாலும் இறங்கியது எங்கள் ஊரில்தான். சேலம் சந்திப்பு என்று பலகை சொல்லும். நிலையம் நிற்பது சூரமங்கலத்து மண்ணில். பெயர் ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் இருப்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. அதனாலேயே சென்னை என்று பெயர் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடிய ஒரு கால்பந்துக் கழகத்தின்மீது நமக்குத் தனியாக ஒரு பற்று உண்டாயிற்று. அந்தக் கழகம் இந்தியாவின் வாகையர் ஆனது. இரண்டரை ஆண்டுகள் கழிவதற்குள் தேசியத் தொடரிலிருந்தே காணாமற்போனது. தமிழ்நாட்டு அணியொன்று கால்பந்தில் இவ்வளவு உயரம் ஏறியதைப் பற்றித் தமிழில் நிதானமாக எழுதப்பட்ட ஒரு பக்கம்கூட நம் கண்ணில் படவில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தமிழ்நாட்டுக் கால்பந்து நெடுங்காலம் அலுவலகங்களின் நிழலில் வளர்ந்தது. இந்தியன் வங்கி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, வருமான வரித்துறை என்று அணிகளெல்லாம் நிறுவனங்களின் பெயரால் அறியப்பட்டன. நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர வேலை கிடைக்கும். முப்பத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்தபிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு எழுதுவான். குடும்பம் பிழைத்துக்கொள்ளும். 1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் தமிழ்நாட்டின் முகமாக நின்றது இந்தியன் வங்கி அணி. ஊர் சார்ந்த அணி நமக்கு வாய்க்கவில்லை. வங்கிக் கணக்கு வைத்திருப்பவரெல்லாம் வங்கி அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்களா என்ன? கொல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் குடும்பத்துக்குள்ளேயே சண்டை மூட்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஆட்டம் என்பது அலுவலக நண்பர்கள் வந்து பார்க்கும் நிகழ்ச்சியாக இருந்தது.

இந்தச் சூழலில்தான் 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னையில் தொடங்கப்பட்ட ஒரு பழைய கழகம், புதிய உரிமையாளர்களின் கையில் சென்னை சிட்டி எஃப்சி என்று பெயர் மாறியது. 2016–17 பருவத்தில் அதற்கு ஐ-லீக் தொடரில் நேரடியாக இடம் கிடைத்தது. அதே பருவத்தில் அறிமுகமான மற்றோர் அணி மினர்வா பஞ்சாப். அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதற்பருவத்தில் பத்து அணிகளில் எட்டாமிடம். அடுத்த பருவத்தில் கழகம் கோவை நேரு விளையாட்டரங்கத்துக்கு இடம்பெயர்ந்தது. பெயர் மட்டும் பெயரவில்லை. சென்னையில் ஐ.எஸ்.எல். தொடரின் சென்னையின் எஃப்சி ஏற்கெனவே இருந்தது. பணமும் திரைநட்சத்திர வெளிச்சமும் அதன் பக்கம். கோவையில் முழங்கிய ‘சென்னை’ என்ற சொல்லைக் கோவைக்காரர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ! சங்கப் புலவர்கள் கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று ஊரை முன்னிறுத்தித் தம்மைச் சொல்லிக்கொண்டார்கள். ஊர்ப்பெயர் ஒருவனுக்கு முகவரியும் பொறுப்புமாக இருந்த மரபு அது. இங்கோ முகவரி ஓரிடம், வாழ்வு ஓரிடம். அந்த ஆண்டும் எட்டாமிடமே.

2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநராக வந்தார். அவருக்கு முன்பும் பின்பும் இந்திய அணிகள் பல, பந்தை நீளமாக உதைத்துவிட்டு அதன் பின்னால் ஓடுவதையே ஆட்டமாகக் கொண்டிருந்தன. நவாஸின் அணி பந்தைத் தரையில் வைத்திருந்தது. ஸ்பெயினின் கீழடுக்குத் தொடர்களில் ஆடிக்கொண்டிருந்த, அங்கே பெரிதாக அறியப்படாத சிலரைக் கழகம் அழைத்துவந்திருந்தது. முன்கள வீரர் பெட்ரோ மன்சி, நடுக்களத்தில் நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், தற்காப்பில் ராபர்ட்டோ எஸ்லாவா. அவர்களோடு நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால், சிறகு ஆட்டக்காரர் ரோமாரியோ யேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸ் அணியை 4–1 என்று வென்றார்கள். மன்சி அப்பருவத்தில் அடித்தது 21 கோல்.

நாம் கோவைக்குச் சென்றது கடைசி நாளன்று. 2019 மார்ச் 9, சனிக்கிழமை. கல்லூரி விடுமுறை. இரண்டு மாணவர்களோடு சூரமங்கலத்தில் ரயிலேறி, நின்றுகொண்டே போனோம். கணக்கு எளிமையானது. சென்னை சிட்டி ஒரு புள்ளி முன்னணியில் இருந்தது. அது வென்றால் வாகை. நழுவவிட்டால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஆடும் ஈஸ்ட் பெங்காலுக்கு வழி திறக்கும். எதிரே நின்றது நாம் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன மினர்வா பஞ்சாப். அது முந்தைய ஆண்டின் வாகையர்.

மூன்றாம் நிமிடத்திலேயே பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. ஓட்டப்பாதைக்கு அப்பால் பார்வையாளர் வரிசை வெகுதூரத்தில் இருக்கும் அரங்கு அது. ஆனாலும் அந்தக் கணத்தின் அமைதி காதை அடைத்தது. நம் மாணவன் ஒருவன் கைப்பேசியில் கோழிக்கோட்டு நிலவரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருகட்டத்தில், “ஐயா, இனி நான் பார்க்கலைங்க” என்று அதைப் பைக்குள் போட்டுவிட்டான். இடைவேளைக்குப் பிறகு மன்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் வெற்றியைத் தந்தவர் ஸ்பானியர் அல்லர். கௌரவ் போரா என்னும் இந்திய வீரர். இரண்டு கோல். 3–1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் மீண்டெழுந்து 2–1 என வென்றது. 43 புள்ளி, 42 புள்ளி. ஒரே புள்ளியில் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் வாகை. பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் யாரென்று தெரியாமலே நம் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மாலை அவருக்குச் சென்னையா கோவையா என்ற கேள்வியெல்லாம் இல்லை.

சென்றவர்கள் திரும்பிவரும்போது உச்சியில் இருப்பதாகவே எண்ணினோம். அதற்கு முந்தைய மாதத்தில்தான் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கழகம் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியிருந்தது. அடுத்து நடந்த சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்சியை வீழ்த்தி அரையிறுதிவரை போனார்கள்.

ஆனால் அந்த வாகையின் கீழே தரை ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது. 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட 15 ஆண்டு, 700 கோடி ரூபாய் ஒப்பந்தத்தின் விளைவாக 2014இல் பிறந்தது ஐ.எஸ்.எல். சில ஆண்டுகள் இரண்டு தொடர்களும் அருகருகே ஓடின. 2019இல் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் தொடர் ஆனது. ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. முதல்தரத் தொடர் என்ற தகுதியோடு ஐ-லீக் முடிசூட்டிய கடைசி அணி சென்னை சிட்டிதான். இதைப் பெருமை என்பதா? பரம்பு மலை இருக்க, முந்நூறு ஊரும் போனபிறகு கிடைத்த பட்டம் என்பதா?

வாகையருக்கு மேலேறும் படி இல்லை. ஏற விரும்பிய வீரர்களுக்கு மட்டும் இருந்தது. குமரிக் கடற்கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் அதற்கு முன்பே, 2018இல், ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். 2019இல் வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும் கோர்டில்லோ ஹைதராபாதுக்கும் சென்றார்கள். 2020 ஜனவரியில் மன்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்கு. பிறகு யேசுராஜ் கோவாவுக்கு. அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அலுவலக அணிக் காலத்து நாற்காலி இவர்களுக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வாழ்நாளுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவர்கள்.

கழகத்தின்மீது நமக்கு உள்ள மனத்தாங்கல் வேறு. 2020 ஜனவரியில் ஆசிய வாகையர் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு மோதியது. அதைச் ‘சொந்தத் திடல்’ ஆட்டமாக ஆடியது அகமதாபாத்தில். 0–1 தோல்வி. மார்ச்சில் ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2–2, அதுவும் அகமதாபாத்தில்தான். தமிழ்நாட்டு வாகையர் ஆசியாவை எதிர்கொண்டதைத் தமிழ்நாட்டில் ஒருவரும் நேரில் காண முடியவில்லை. சென்னைப் பெயர், கோவைத் திடல், குஜராத்துச் சொந்த ஊர்!

பிறகு கொரோனா வந்தது. ஐ-லீக் பாதியில் நின்றது. ஏஎஃப்சி கோப்பை கைவிடப்பட்டது. 2021இல் ஐ-லீக் ஆட்டங்கள் அனைத்தும் மேற்கு வங்கத்தில், பூட்டிய அரங்குகளில் நடந்தன. அணியில் பழைய முகங்கள் பெரும்பாலும் இல்லை. அந்தப் பருவம் முடிந்தபின், தேசிய உரிம நிபந்தனைகளை நிறைவுசெய்யாத காரணத்தால் சென்னை சிட்டி தொடரிலிருந்து நீக்கப்பட்டது. மோகன் பகான் தொடரை விட்டு நீங்குவதென்றால் கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு கூட்டம் கூடியிருக்கும். கோவையில் கடையடைப்பு நடக்கவில்லை, சென்னையில் சுவரொட்டி ஒட்டப்படவில்லை. சேலத்தில் நாமும் சேதியைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனோம். அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். சனிக்கிழமை மாலை ஒருமுறை ரயிலேறிப் போனவர்கள், அதைத் தங்கள் அணி என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு உரிமை உண்டு?

ஐ-லீக் வாகையருக்கு ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வழி 2022–23 பருவத்தில்தான் திறந்தது. அவ்வழியே முதலில் ஏறியது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்று பெயர் மாறியிருந்த பழைய மினர்வா பஞ்சாப். கோவையில் அன்று மூன்றாம் நிமிடத்தில் முன்னணி பெற்றுத் தோற்றுப்போன அதே அணி. இந்தச் செய்தி வந்த நாளில், கைப்பேசியைப் பைக்குள் போட்ட மாணவனிடமிருந்து நமக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இப்போது அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். எழுதியிருந்தது ஒரே வரி: “அந்த டிக்கெட்டை இன்னும் வச்சிருக்கேங்க ஐயா.”