பரீட்சைக்கு வராத கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சினேகிதர் உண்டு. சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். உத்தியோக நிமித்தம் கடலூருக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் கெடிலக் கரையை விட்டு நகர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். இரைந்து பேசத் தெரியாத மனிதர். அவர் போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, முகம் சிவக்க என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

"என் பெண் இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லையாம், ஸார்."

அவருடைய பெண் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தில் படிக்கிறாள். "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு என்றால் டாக்டரிடம் போகச் சொல்லலாமே! ரேடியோவில் யாரோ கேள்வி கேட்கிறார்களாம். இவளும் இன்னும் பதினைந்து பேரும் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து பதில் சொல்கிறார்களாம். ஐம்பத்து நான்கு மணி நேரம்! இன்னும் முடியவில்லையாம். என்ன கேள்வி என்று கேட்டேன். ஏதோ ஒரு பழைய சினிமாவில் பின்னால் தொங்குகிற காலண்டரில் என்ன படம் இருந்தது என்கிற மாதிரிக் கேள்வியாம். இதற்கா ஸார் பாங்கியில் கடன் வாங்கி அனுப்பினேன்? இதனால் என்ன பிரயோஜனம்?"

அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அன்று நான் அவருக்குச் சொன்னதையும், பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

'டிரிவியா' என்ற சொல்லுக்கு லத்தீனில் மூல அர்த்தம் மூன்று தெருக்கள் கூடும் இடம். நம்முடைய முச்சந்திதான். முச்சந்தியில் நின்று பேசுகிற பேச்சு எதுவோ, அதுவே டிரிவியா. 1965-இல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலை மாணவர்கள், தாங்கள் சிறு வயதில் கேட்ட ரேடியோ நாடகங்களையும் பார்த்த சினிமாக்களையும் பற்றி ஒருவரை ஒருவர் மடக்கிக் கேள்வி கேட்கும் விளையாட்டுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். மறு வருஷமே அது ரேடியோவில் ஏறிவிட்டது. விஸ்கான்ஸினில் ஆப்பிள்டன் என்ற ஊரில் லாரன்ஸ் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே ஆசிரியர்களும் பொறுக்கி எடுத்த மாணவர்களும் வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வெளியே போய், உலக விவகாரங்களைத் தீவிரமாக விவாதித்துத் திரும்புவது வழக்கம். 1966-இல், அந்தப் பயணத்தில் இடம் கிடைக்காமல் விடுதியில் தங்கிவிட்ட பிள்ளைகளுக்காக ஒரு மாணவன் கல்லூரி வானொலியில் இந்தப் போட்டியை ஆரம்பித்தான். அறிவாளிகள் அறிவை விவாதிக்கப் போன சமயம் பார்த்து மற்றவர்கள் அற்ப விஷயங்களை விவாதித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 50 மணி நேரம் நடக்கிற அந்தப் போட்டி இன்றைக்கும் நின்றபாடில்லை. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி அடித்துச் சரியாக 37 விநாடிக்குத்தான் தொடங்குவார்கள். பரிசு என்று கொடுப்பது காசுக்கு ஆகாத சாமான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. கடைசியில் கேட்கும் கேள்வியின் பெயர் 'சூப்பர் கருடா'. நம்முடைய கருடன் எப்படி அங்கே போய் இறங்கினாரோ! ஒருவராலும் சொல்ல முடியாதபடி கடினமாகத் தயாரிப்பார்கள். அடுத்த வருஷப் போட்டியின் முதல் கேள்வி என்ன தெரியுமா? அதே கேள்விதான்! போன தடவை தோற்றதை ஒரு வருஷம் மறக்காமல் வைத்திருந்தவன் இந்தத் தடவை வெற்றியோடு தொடங்குகிறான். நம் சர்வகலாசாலைகளும் பரீட்சையை இப்படி நடத்தினால் எத்தனை பிள்ளைகள் பிழைத்துப்போவார்கள்!

சினேகிதரின் பெண் இருந்தது அதே மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் என்ற இன்னொரு ஊர். சுமார் 25,000 ஜனங்கள். அங்குள்ள சர்வகலாசாலையின் வானொலி 1969 முதல் நடத்துகிற போட்டிதான் 54 மணி நேரப் போட்டி. ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு நள்ளிரவில் முடியும். மணிக்கு எட்டுக் கேள்வி. கேள்வியைச் சொல்லிவிட்டு இரண்டு பாட்டு வைப்பார்கள். பாட்டு முடிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கணக்கான அணிகள், ஆயிரக்கணக்கான ஆட்கள். தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் இருப்பதுண்டு. வெளியூரில் வேலைக்குப் போனவர்கள், நாம் பொங்கலுக்கு ஊர் திரும்புவதைப் போல, இதற்காகத் திரும்பி வருவதும் உண்டு.

மதிப்பெண் போடுகிற முறை விசேஷமானது. ஒரு கேள்விக்கு மொத்தம் 2,000 புள்ளி. சரியான பதில் சொன்ன அணிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு பேர் சொன்னாலும் 5-க்குக் குறையாது. ஒருவரே சொன்னாலும் 500-க்கு மேல் போகாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு அங்கே விலை இல்லை. ஊரில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த அற்ப விஷயத்துக்குத்தான் விலை. ஆகவே ஒவ்வோர் அணியும், வேறெங்கும் மதிப்பில்லாத ஞாபகம் உள்ள ஆளாகத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறது. பிஸ்கோத்துப் பெட்டியின் மேல் அச்சடித்த எழுத்தை யெல்லாம் படித்து வைத்திருப்பவன் அந்த மூன்று நாளும் ராஜா.

"சரி ஸார், அது அவர்கள் ஊர். நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் சினேகிதர்.

நமக்கு மட்டும் இல்லையா என்ன? அவதானம் என்று நாம் கொண்டாடியது எது? 1907-ஆம் வருஷம் சென்னை விக்டோரியா மண்டபத்தில் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர், ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துச் சதாவதானம் செய்து காட்டினார். சபை கேட்கும், ஒருவர் பதில் சொல்வார். ஆனால் அங்கே சபைக்கு வேலை வியப்பதோடு சரி. நாம் ஞாபகத்தை ஒரு மகானிடம் ஒப்படைத்துவிட்டுக் கைதட்டுகிறோம். அவர்கள் அதை ஊர் முழுவதும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டு கட்சியாகப் பிரிந்து கேள்வியும் பதிலும் சொல்கிற விளையாட்டு வேண்டுமென்றால் சினேகிதருடைய சிதம்பரத்துக்கே போகலாம். ஈழத்து அரசன் ஒருவன் பௌத்த ஆசாரியர்களோடு தில்லைக்கு வாதம் செய்ய வந்தான் என்றும், பேச்சு வராத அவன் மகளை மாணிக்கவாசகர் பேச வைத்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளையே பதில் சொல்லச் செய்தார் என்றும் திருவாதவூரர் புராணம் கூறுகிறது. அதுதான் திருச்சாழல், இருபது பாட்டு. பெண்கள் எதிரெதிராக நின்று ஆடும் ஆட்டத்தின் அமைப்பு. மத விவகாரம் பேச நான் இதை எடுக்கவில்லை. ஈழத்திலிருந்து தில்லைக்குப் போட்டி வந்த கதை என்பதற்காகச் சொன்னேன். ஏனென்றால் இன்னொரு தடவையும் அப்படி வந்தது. அந்தத் தடவை ஆகாய மார்க்கமாக.

இரண்டாவது உலக யுத்தத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் ஒரு வானொலி நிலையம் ஏற்பட்டது. 1949-இல் அதன் சக்தி வாய்ந்த கருவிகள் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதற்கு அதிர்ஷ்டம் டில்லியிலிருந்து வந்தது. 1952-இல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தின் மேலிருந்த பக்தியால், அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டை அநேகமாக விரட்டியே விட்டார். விரட்டின பாட்டு கொழும்பு வழியாகத் திரும்பி வந்தது. கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் கீழ வீதி வரைக்கும் ரேடியோ முள் இலங்கையிலேயே நின்றது. மயில்வாகனத்தின் குரலைக் கேட்காத டீக்கடை கிடையாது. சர்க்கார் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியை ஆரம்பித்ததுகூட இந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான்.

பிற்பாடு விவித பாரதியிலும் ஒரு கேள்விப் போட்டி வந்தது. போர்ன்விட்டா பெயரில், 1972-இல் நகரங்களில் மேடையேறி, பிறகு ரேடியோவுக்கு வந்த போட்டி. ஹமீத் சயானியும் அவருக்குப் பின் தம்பி அமீன் சயானியும் நடத்தினார்கள். நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் ஆங்கிலம். கடலூர் முனிசிபல் பள்ளிக்கூடத்துப் பையன் அதைக் கேட்கலாமே தவிர, அதில் நிற்க முடியாது. கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால்கூடக் கேள்வி புரிந்திருக்க வேண்டுமே!

இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' அப்படி அல்ல. ஒருவர் பாடிய பாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அதன் எழுத்தைக் கொடுப்பார். அந்த எழுத்தில் ஆரம்பிக்கும் பாட்டை அடுத்தவர் உடனே பாட வேண்டும். சொல் பிசகக் கூடாது. அதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை, காது போதும். 1990-களில் அது டெலிவிஷனுக்கும் வந்து வீடு வீடாகப் பரவியது. ஆனால் டெலிவிஷன் வந்த பிறகு ஜனங்கள் பார்த்தார்களே ஒழிய விளையாடினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நான் இந்தப் பெயரைச் சொன்னதும் சினேகிதரின் முகத்தில் ஒரு மாறுதல் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாங்கள் விளையாடியிருக்கிறோம், ஸார்" என்றார்.

அண்ணாமலை சர்வகலாசாலையில் அவர் சேர்ந்த புதிது. சிதம்பரத்தில் ஒரு தையல் கடை. இரண்டு மெஷின், ஒன்று சிங்கர், இன்னொன்று உஷா. அந்தப் பெயரிலேயே இரண்டு கட்சி. ரேடியோவில் எழுத்தைச் சொன்னவுடன், கொழும்பில் நிற்கிறவர் வாயைத் திறப்பதற்குள் கடையில் யாராவது பாடிவிட வேண்டும். துணி வெட்டுகிற மேஜையின் மேல் சாக்கட்டியால் புள்ளி போடுவார்கள். சினேகிதர் சிங்கர் கட்சி. சினிமாக் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகங்களை வாங்கி, பாடப் புத்தகத்துக்குள் வைத்து மனப்பாடம் செய்வாராம். அந்த வருஷம் கணக்கில் தேறவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

"உஷா கட்சியை ஜெயிக்கவே முடியாது. அங்கே காஜா எடுக்கிற பையன் ஒருவன் இருந்தான். எழுதப் படிக்கத் தெரியாது. வாயைத் திறந்து பேசவே மாட்டான். எழுத்துச் சொன்னதும் ஊசியை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் பாடுவான். ஒரு தடவை 'ஞா' வந்தது. எல்லோரும் முழிக்கிறோம். அவன் பாடிவிட்டான். கொழும்பில் மணி அடித்துவிட்டது. அங்கே நின்றவருக்குத் தெரியவில்லை. இவனுக்குத் தெரிந்தது! 'ஞா' எழுத்தை அவனுக்கு எழுதத் தெரியாது, ஸார். தினமும் அவன் தலையில் குட்டுகிற டைலர் அன்றைக்கு மேஜையில் போட்டிருந்த புள்ளியை இரண்டு நாள் அழிக்காமல் வைத்திருந்தார். அதன் மேல் துணியைப் போட்டு வெட்ட முடியாமல் தரையில் உட்கார்ந்து வெட்டினார்."

"அந்தப் பையன் இப்போது?"

"தெரியாது. திருப்பூருக்குப் போனான் என்று சொன்னார்கள்."

பத்தரை மணிக்கு மேல் அவருடைய போன் அடித்தது. பெண்தான். போட்டி முடிந்துவிட்டது, அவர்கள் அணி இருநூறுக்கும் கீழே எங்கேயோ கிடக்கிறது, தூங்கப் போகிறாள். இவர் கண்டிக்கப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "நீ எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னாய்?" என்று கேட்டார்.

"ஒன்றே ஒன்றுதான், அப்பா. ஆனால் அது வேறு யாருக்கும் தெரியவில்லை. ஐந்நூறு புள்ளி."

"என்ன கேள்வி? இரு, இரு, ஸ்பீக்கரில் போடுகிறேன்" என்று சொல்லி, நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.