கயிற்றில் பிறந்த பாட்டு

'ஐந்து வயதில் தொடங்காதவனுக்கு இசை வராது' என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. முப்பது வயது கடந்த ஓர் ஆசிரியர் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தால் வீட்டாரே சிரிக்கிறார்கள். பேரப்பிள்ளை கண்ட ஒருவர் புல்லாங்குழல் வாங்கினால் தெரு வேடிக்கை பார்க்கிறது. நாம் படித்த பள்ளியிலும் குரல் 'சரியில்லாத' பிள்ளைகளைப் பத்து வயதிலேயே இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அனுப்பப்பட்டவர்களுள் நாமும் உண்டு. ஆகையால் இவ்விஷயத்தில் நாம் நடுநிலையாளர் அல்லர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். இக்கருத்து இயற்கையின் விதியா, அல்லது சமுதாயத்தில் ஒரு சாரார் செய்துகொண்ட ஏற்பாடா? இதற்கு விடை தேட இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை நோக்குவோம்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த உடப்பு, தமிழ் மீனவர் வாழும் பழமையான ஊர். கரைவலைத் தொழில் அதன் உயிர்நாடி. வலையின் ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலிற் சென்று அரைவட்டமாய் வலையை விரித்து, மறு நுனியைக் கரைக்குக் கொணர்கிறது. பின்னர் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் பற்றி மணிக்கணக்காக இழுக்கவேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் வலை கோணும். மடியிலுள்ள மீன் தப்பும். இத்தனை பேருடைய தோளையும் காலையும் ஒரே இழுப்பில் இணைப்பது எது? அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் எதிர்ப்பாட்டாக அதை ஏற்று இழுக்கின்றனர்.

இந்தப் பள்ளியில் சேர வயது வரம்பு இல்லை. வேறு தொழில் பொய்த்து நாற்பது வயதில் கயிற்றைப் பிடிக்க வந்தவனும் முதல் நாளே பாடியாக வேண்டும். ஏனெனில் பாடாதவன் இழுப்பிலும் பிந்துவான். அவன் குரல் இனிதா என்று யாரும் கேட்பதில்லை. காலம் தவறுகிறதா என்பதையே கயிறு கேட்கிறது. எதிர்ப்பாட்டில் தொடங்கி, சொற்கள் மனத்திற் படிந்து, ஒரு நாள் முன்னவர் இருமும்போது தானே அடியெடுத்துக் கொடுக்கிறான். இதைவிடச் சிறந்த பாடமுறை எந்தச் சங்கீத சபையில் இருக்கிறது?

ஆயினும் இதை ஒரு பொற்காலமாகத் தீட்டிக் காட்ட நாம் விரும்பவில்லை. வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. பிடிபட்டதில் அவர் பங்கு போகவே இழுத்தவர்க்குப் பங்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கும் மாதங்களில் கரைவலை ஓயும்போது அடுப்பும் ஓயும். அம்பா உழைப்பின் களைப்பை ஆற்றியது என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதி உண்மையையே எழுதுகிறார்கள். நன்றாகப் பாடிய கூட்டம் நன்றாக இழுத்தது. அதன் இலாபம் சம்மாட்டிக்கும் சேர்ந்தது. ஓய்வு மறுக்கப்பட்ட மனிதர் தம் கலையை வேலைக்குள்ளேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றினர் என்பதே நம் எண்ணம்.

புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் கதையும் இதற்கு நெருங்கியதே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொணர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆங்கிலேயரின் இலங்கைத் துப்பாக்கிப் படை 1873இல் கலைக்கப்பட்டது. படை போயிற்று, மொழியும் தேய்ந்தது, மாஞ்சா என்னும் பாட்டு மட்டும் நின்றது. சிதைந்த போர்த்துக்கேயத்தில் அமைந்த அடிகளை, மெல்லத் தொடங்கி விரைவு கூட்டி, றபானும் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் போத்தலும் ஒலிக்கப் பாடுகிறார்கள். சொல்லின் பொருள் முழுதும் அறியாத இளையோரும் கூட்டத்தில் அமர்ந்து கைதட்டித் தொடங்கி அதைக் கற்கின்றனர். சமையலறையே அவர்களுடைய வாத்தியச் சாலை! இத்தகைய காப்பிரிஞ்ஞா இசையைச் சிங்களப் பைலாவாக மாற்றிக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் பரப்பிய வாலி பஸ்தியான் யார்? தொழிலால் ஒரு பொலிஸ்காரர்.

இதே கரையின் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியையும் இங்கே நினைக்கவேண்டும். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1834இல் இலங்கை பற்றிய விவரத் திரட்டையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான 'தமிழ் புளூட்டாக்' நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். எழுதுவது அவருக்குச் சம்பளத் தொழில் அன்று. அவருடைய உழைப்பை நாம் வணங்குகிறோம். எனினும் அவருக்கு மேசையும் விளக்கும் மாலைப் பொழுதும் இருந்தன. கயிறு இழுத்தவனுக்கு இருந்ததோ கயிறு ஒன்றே. வயதுவந்தோர் கலை கற்பது திறமையின் பிரச்சினையாகப் பேசப்படுகிறது. அது பெரும்பாலும் நேரத்தின் பிரச்சினை. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் போராடியபோது, எஞ்சிய நேரத்தில் தாம் மனிதராய் வாழவேண்டும் என்பதும் அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது.

வட இலங்கைச் சங்கீத சபை போன்ற நிறுவனங்கள் தரம் தரமாய்ப் பரீட்சை நடத்தி இசைக் கல்வியை ஒழுங்குபடுத்தின. அந்தப் பணியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை வந்ததும் வயதும் வந்தது; தோற்றவன், பிந்தியவன் என்ற பெயர்களும் வந்தன. இதற்கு மாறான ஒரு காட்சியைப் பேராதனைப் பல்கலைக்கழகம் கண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, பட்டப் படிப்பு மாணவர்கள் மட்டக்களப்பு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகினார்கள். இருபது வயதுக்கு மேல், கால் தடுமாறித் தடுமாறி, முதல் தாளக்கட்டிலிருந்து! பல்கலைக்கழகம் கிராமத்தானிடம் மாணவனாய் அமர்ந்த அரிய நிகழ்ச்சி அது.

அண்மைக் காலத்தில் இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலுருளை கரைவலையை இழுக்கத் தொடங்கியது. தோளின் காய்ப்பு குறைவதை எவரும் வெறுக்கமாட்டார், நாமும் வெறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் மிச்சப்படுத்திய மணிகள் உழைப்பாளிக்கு ஓய்வாகத் திரும்பவில்லை. பலருக்கு அவை வேலையின்மையாகவே வந்தன. இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. அம்பா இன்று 'கிராமியக் கலை' என்ற பெயரோடு மேடை ஏறுகிறது. அங்கே பாடுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். கையில் ஒரு துண்டுக் கயிறு, மறுமுனையில் வலை இல்லை. கயிற்றில் அதைக் கற்றவர்களோ முதுமை எய்திவிட்டார்கள். அவர்களை மாலை வேளையில் பள்ளி மண்டபத்துக்கு அழைத்து, அண்ணாவியாருக்குரிய இருக்கையில் அமர்த்தி, ஊரிலுள்ள நாற்பது வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் எதிர்ப்பாட்டில் சேர இடமளிக்கலாம். ஆசிரியர்களாகிய நாமும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கலாம். குரல் சரியில்லை என்று அங்கே எவரும் நம்மை வெளியே அனுப்பமாட்டார்கள்.