வாடகை அலுவலகத்தினுடையது, புள்ளி பயணியினுடையது

1952இல் கெம்மன்ஸ் வில்சன் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். எந்த ஊரில் தங்கினாலும் ஒரே தரம் என்பதே அந்நிறுவனத்தின் வாக்குறுதி. சங்கிலி விடுதிகள் பெருகியபின் அதுவே இடராயிற்று. எல்லாம் ஒன்றுபோல் இருக்கையில் பயணி ஒன்றை மட்டும் நாடுவானேன்?

விடை விமானத் துறையிலிருந்து வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல், பறந்த மைல்களுக்கு ஈடாக இலவசப் பயணம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1983இல் ஹாலிடே இன்னும் மாரியட்டும் அவ்வழியைப் பின்பற்றின.

இத்திட்டங்களின் நுட்பம் எளியது: அலுவல் பயணத்தில் வாடகையைச் செலுத்துவது நிறுவனம், புள்ளி சேர்வதோ தங்குபவர் பெயரில். தேர்ந்தெடுப்பவருக்கு விலையைக் காட்டிலும் புள்ளி பெரிதாகத் தோன்ற இது இடமளித்தது.

நெடுநாள் தங்குவோரிடம் இது இன்னும் கூர்மையடைந்தது. 1975இல் விச்சிட்டாவில் ஜாக் டிபோர் தொடங்கிய ரெசிடன்ஸ் இன், வாரக்கணக்கில் தங்குவோருக்காகச் சமையலறையுடன் கூடிய அறைகளை அமைத்தது. 1987இல் மாரியட் அதனை வாங்கியது. வீட்டைப் பிரிந்து மிகுதியான இரவுகளைக் கழிப்பவரே மிகுதியான புள்ளிகளையும் ஈட்டுகிறார். அவற்றைக் கொண்டு குடும்பத்தோடு சில நாள் விடுமுறை பெறுகிறார். பிரிவுக்கு நிறுவனம் தராத ஈட்டினை விடுதி தருவதுபோல் தோன்றுகிறது. அந்த ஈட்டின் விலையோ நிறுவனம் செலுத்திய வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.