வேக மீறலை மெய்ப்பித்தல்

ஒரு வண்டி, சட்டம் வகுத்த வேக வரம்பைத் தாண்டி ஓடியது என்று நீதிமன்றம் ஏற்கும்படி காவல்துறை நிறுவும் முறை. இந்தியாவில் இதற்கு அடிப்படை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 183ஆம் பிரிவு. "வண்டி வேகமாகத்தான் வந்தது" என்று ஒரே ஒரு சாட்சி கருத்துச் சொன்னால் அதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்பு ஓர் இயந்திரக் கருவியின் துணையோடு பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. 2019 திருத்தம் 'மின்னணுக் கருவி' என்பதையும் சேர்த்தது.

கண்ணை நம்பாத இந்த மனப்பான்மை பிரிட்டனில் தொடங்கியது. மணிக்கு 20 மைல் என்று வரம்பு வைத்த 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டமே, ஒற்றைச் சாட்சியின் கருத்து போதாது என்றது. ஆகவே போலீஸார் அளந்து வைத்த தூரத்தின் இரு முனைகளிலும் ஸ்டாப்வாட்சுடன் புதரில் ஒளிந்தார்கள். அவர்கள் ஒளிந்திருப்பதைக் கார்க்காரர்களுக்குக் காட்டிக்கொடுக்கவே 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கம் பிறந்தது. கடிகார முறையின் பலவீனம் எளிய கணக்கில் தெரியும். 100 மீட்டரை 6 விநாடியில் கடந்தால் மணிக்கு 60 கி.மீ. கட்டைவிரல் அரை விநாடி முந்தினாலும் பிந்தினாலும் விடை 65-க்கும் 55-க்கும் போய்விடும். இந்தியாவின் 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஒற்றைச் சாட்சி விதியை அப்படியே எடுத்துக்கொண்டது. அதிலிருந்து அது 1988 சட்டத்துக்கு வந்தது.

ரேடார் இரண்டாம் உலகப்போரின் கொடை. 1947-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் கிளாஸ்டன்பரி என்ற ஊர்ச் சாலையில் அதைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தினார்கள். வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை அது அளக்கிறது. 24.15 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஏறக்குறைய 4,470 ஹெர்ட்ஸ் வித்தியாசம் காட்டும்.

திருச்சி அரியமங்கலத்தை எடுத்துக்கொண்டால் ரேடாரின் சிக்கல் புரியும். ஊரை ஊடுருவிச் செல்வது தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14.5 கி.மீ. தூரத்துக்கு சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் பல ஆண்டுகள் போராடியது இந்தச் சாலையில்தான். தொலைதூர லாரியும் துவாக்குடி பஸ்ஸும் பால்காரர் மொபெட்டும் ஒரே தாரில் ஓடுகின்றன. ரேடார் கற்றை தூரம் போகப் போக அகலும். பஸ்ஸும் பக்கத்தில் பைக்கும் சேர்ந்து வந்தால், பெரிய இரும்புப் பரப்பின் எதிரொலியே பெரும்பாலும் மேலோங்கும். திரையில் விழுந்த எண் யாருடையது? வழக்கறிஞருக்கு அந்தக் கேள்வி போதும். லேசர் 'ஸ்பீடு கன்' இதற்கு ஒரு பதில்: 300 மீட்டரில் அதன் கற்றை ஒரு மீட்டர் அகலம்தான், ஒரு வண்டியைத் தனியே குறிவைக்கலாம். சாலையோரம் நின்று சாய்கோணத்தில் அளந்தால் இரு கருவிகளுமே உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்தப் பிழை ஓட்டுநருக்கு லாபம்.

கருவியும் பொய் சொல்லும் என்பதை 1979-இல் அமெரிக்காவின் மயாமி நீதிமன்றம் ஊரறியச் செய்தது. அங்கே ஒரு ரேடார், பனைமரம் ஒன்று மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடுவதாகக் காட்டியிருந்தது. நீதிபதி அந்த ரேடார் சாட்சியத்தை ஒதுக்கித் தள்ளினார். கருவிக்கு யார் சாட்சி என்ற கேள்வி அதன்பின் ஓயவில்லை.

இந்தியா அந்தக் கேள்விக்கு மிகத் தாமதமாகவே பதில் எழுதியது. 2021 ஆகஸ்டில் வந்த, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ விதி, கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ், கண்காணிக்கும் இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை, நம்பர் பிளேட் தெரியும் படம், இடமும் நேரமும், 15 நாளுக்குள் நோட்டீஸ் எனப் பட்டியலிட்டது. மின்னணுப் பதிவுக்கு சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றும் வேண்டும்; 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது. வேக ரேடாரை எடையளவுச் சட்ட விதிகளின் கீழ் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2025 ஜூலையில்தான். திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காயத் தராசுக்கு எப்போதோ விழுந்துவிட்ட முத்திரை, அபராதம் எழுதும் கருவிக்கு இத்தனை காலம் கழித்து வந்திருக்கிறது.

விபத்துக்குப் பிந்தைய மெய்ப்பிப்பு வேறு வகை. முதல் தகவல் அறிக்கைகளில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற தொடர் அச்சு வார்த்ததுபோல் வரும். ஆனால் 'அதிவேகம்' என்று சாட்சி சொல்வதால் மட்டும் கவனக்குறைவு நிரூபணமாகாது என்று கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. எனவே விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸார் எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் முக்கியமாகின்றன. பிரேக் பிடித்த டயர்த்தடம் 20 மீட்டர், உலர்ந்த தார்ச்சாலை, உராய்வுக் குணகம் 0.7 என்றால், வண்டி குறைந்தது 60 கி.மீ. அளவில் வந்திருக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் வந்த வண்டிகளில் இந்தத் தடம் மங்கிவிடுகிறது. அங்கே கடைவாசல் சிசிடிவியின் சட்டகங்களை எண்ணி வேகம் கணிக்கிறார்கள்.

183ஆம் பிரிவில் அதிகம் பேசப்படாத நான்காம் உட்பிரிவும் உண்டு. வரம்பை மீறாமல் முடிக்கவே இயலாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கச் சொல்லும் கால அட்டவணையோ உத்தரவோ இருந்தால், அதைக் கொடுத்தவர் குற்றம் செய்தார் என்பதற்கு அதுவே முகாந்திரச் சாட்சியம். டைமிங்குக்காக ஒன்றையொன்று துரத்தும் தனியார் பஸ்கள் ஓடும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. இதற்கு ஸ்பீடு கன் வேண்டாம். டைமிங் சீட்டும் தூரக்கணக்கும் போதும். வழக்கும் ஸ்டீயரிங் பிடித்தவரோடு நிற்காமல் முதலாளி வரை போகும்.