டென்னிஸ் ஆடாதவருக்கு எப்படி "டென்னிஸ் எல்போ"? ஒரு பெயரின் கதை

1/ முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்குதுன்னு வருபவர்களிடம் "இது டென்னிஸ் எல்போ" என்று சொன்னால், உடனே வரும் பதில்: "டாக்டர், நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையே!"

நியாயமான சந்தேகம்தான். வாங்க, அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

2/ "டென்னிஸ்" என்ற சொல் பிரெஞ்சு மொழியின் "தெனே"விலிருந்து வந்தது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். "இந்தா, பிடி" என்று அர்த்தம். பந்தை அடிக்கும் முன் எதிராளிக்குக் கொடுக்கும் குரல்!

3/ பழைய டென்னிஸ் நான்கு சுவருக்குள் ஆடப்பட்டது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியும் ஆடியிருக்கிறார். துணி அடைத்த அந்தப் பந்து புல்லில் எழும்பாது. 19ஆம் நூற்றாண்டில் துள்ளும் ரப்பர் பந்து வந்தது. புல்வெட்டும் இயந்திரமும் (1830) வந்தது. ஆட்டம் புல்தரைக்கு இறங்கியது.

4/ 1874இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வைத்த கிரேக்கப் பெயர் "ஸ்ஃபைரிஸ்டிகே". வாயில நுழையுதா? மக்களுக்கும் நுழையல. "லான் டென்னிஸ்" என்ற பெயரே நிலைத்தது. லான் என்றால் புல்தரை. 1877இல் விம்பிள்டன் போட்டியே தொடங்கிவிட்டது.

5/ ஆட்டம் பரவ, வலியும் வந்தது. 1883இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் "லான் டென்னிஸ் எல்போ" என்ற தலைப்பிலேயே ஒரு குறிப்பு வெளியானது. பிறகு "லான்" உதிர்ந்தது, மீதி ஒட்டிக்கொண்டது.

6/ ஆனா இங்கதான் விஷயம். 1873இலேயே, அதாவது அந்தக் காப்புரிமைக்கு முந்தைய வருடமே, ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த வலியை எழுதிவிட்டார். எதைப் பற்றிய கட்டுரையில் தெரியுமா? பேனா பிடித்து எழுதுபவர்களின் கைப்பிடிப்பு பற்றிய கட்டுரையில்!

7/ ஆக, நோய் உழைக்கிற கையோடது. பெயர் மட்டும் பணக்காரர்களின் புல்தரையோடது.

துணி பிழிவது, தேங்காய் துருவுவது, ஸ்க்ரூ முறுக்குவது, பெயின்ட் அடிப்பது... இறுக்கிப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் எந்த வேலையும் மணிக்கட்டைத் தூக்கும் தசைகளின் தசைநாணைப் பாதிக்கலாம்.

8/ "இது விளையாட்டுக்காரங்க நோய், நமக்கு எதுக்கு வரப்போகுது"ன்னு வலியோடவே அதே வேலையைத் தொடராதீங்க. பெரும்பாலானோருக்கு அந்த வேலையைக் குறைத்து, முறையான பயிற்சி செய்தாலே மாதங்களில் சரியாகும்.

மருத்துவரிடம் போகும்போது உங்க கை தினமும் என்ன வேலை செய்யுதுன்னு மறக்காம சொல்லுங்க. அதுதான் முக்கியமான தகவல்.